கதகதப்பைத் தேடி வந்த நாய்: 'தி திங்' (1982), ஒரு நிகழ்வு ஆய்வு

பனி என்றால் நமக்கு மார்கழிதான் ஞாபகம் வரும். விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் துளி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகும் ஆள், "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிக்கொண்டே சன்னலைச் சாத்தும் பாட்டி. எட்டு மணி வெயில் ஏறினால் அந்தப் பனி இருந்த இடம் தெரியாது. மாதக்கணக்கில் போகாத பனியும், வெளியே நின்றால் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும் குளிரும் நம் உடம்புக்குத் தெரியாத சங்கதிகள்.

ஆனால் நம் இலக்கணத்துக்கு அது தெரிந்திருக்கிறது. தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் உரிமையாக்கி வைத்திருக்கிறது. பாலை என்றால் வெயிலில் வெடித்த நிலம் என்றுதான் பள்ளியில் படித்தோம். பிரிவுக்கும் துணையற்ற நிலைக்கும் குளிரும் ஏற்ற பொழுதுதான் என்பதை அந்த நூல் அன்றே பார்த்துவிட்டது. பனிப் பரப்பில் நடக்கும் திகில் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சூத்திரம்தான் நினைவுக்கு வரும்.

அவற்றில் பல 'ஸ்லோ பர்ன்' வகையைச் சேர்ந்தவை. ஈர விறகில் தீ மூட்டுவது மாதிரி என்று சொல்லலாம். முதலில் வெறும் புகை. கண் எரியும், தொண்டை கரிக்கும், ஆனால் தீ எங்கே என்று தெரியாது. தீ தெரியும்போது அது எப்போதோ பிடித்துவிட்டது என்பதும் சேர்ந்து தெரியும். இந்த வகையில் நான் அதிகம் பார்த்த படம் ஜான் கார்ப்பென்டர் இயக்கிய 'தி திங்'. வெளிவந்தபோது ரத்தமும் சதையும் நிறைந்த அருவருப்பான படம் என்று திட்டு வாங்கிய படம் இது. அதை மெதுவாக எரியும் படம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். முடிவு உட்படக் கதை முழுவதையும் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

நடந்தது

1982 ஜூன் 25. யுனிவர்சல் நிறுவனம் 'தி திங்' படத்தை அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டது. அதே நாளில்தான் 'பிளேட் ரன்னர்' படமும் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு, ஜூன் 11 அன்று, ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்திருந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஓர் உயிரைக் குழந்தைகள் அணைத்துக்கொள்ளும் படம். ஊரே குடும்பத்தோடு போய் அழுதுவிட்டு வந்துகொண்டிருந்த நேரத்தில், வேற்றுக்கிரக உயிர் ஒன்று நாய்க்குள்ளும் மனிதனுக்குள்ளும் புகுந்து அவர்களாகவே மாறும் படம் வந்தால் யார் போவார்கள்?

படத்துக்கு ஆன செலவு சுமார் 1.5 கோடி டாலர். வட அமெரிக்காவில் வசூலானது 2 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தொகையைத் திரையரங்குகளோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும், விளம்பரச் செலவு தனி. ஆக, தோல்விதான். விமர்சகர்கள் அதைவிடக் கடுமையாக இருந்தார்கள். நியூயார்க் டைம்ஸின் வின்சென்ட் கேன்பி இதை உடனடிக் குப்பை என்ற பொருளில் எழுதினார். சினிஃபென்டாஸ்டிக் என்ற பத்திரிகை, எல்லாக் காலத்திலும் மிக அதிகமாக வெறுக்கப்பட்ட படம் இதுதானா என்று அட்டையிலேயே கேட்டது. எனியோ மோரிக்கோனேயின் இசை, மோசமான படைப்புகளுக்குத் தரும் ராஸி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இயக்குநருக்கு அதே நிறுவனத்தில் கிடைக்கவிருந்த அடுத்த படம், 'ஃபயர்ஸ்டார்ட்டர்', கையைவிட்டுப் போனது.

இன்று அதே படம் திகில் சினிமாவின் மிகச் சிறந்த படங்களின் வரிசையில் தவறாமல் இடம்பிடிக்கிறது. படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை. அப்படியென்றால் 1982-இல் பார்த்தவர்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள்?

கதையின் வேர்

மூலக்கதை 1938-இல் வந்த 'ஹூ கோஸ் தேர்?' என்ற குறுநாவல். எழுதியவர் ஜான் டபிள்யூ. கேம்பல். அன்டார்க்டிகா ஆய்வு முகாமில் இருப்பவர்கள், பனிக்குள் புதைந்து கிடந்த ஒரு வேற்றுக்கிரக உயிரைத் தோண்டி எடுக்கிறார்கள். அது விழித்துக்கொள்கிறது. தொட்ட உயிரை அச்சு அசலாக நகலெடுக்கிறது. 1951-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரிப்பில் இது ஒரு முறை படமானது. ஆனால் அதில் நகலெடுக்கும் விஷயத்தையே எடுத்துவிட்டு, நெடிய உருவத்தோடு நடமாடும் ஓர் அரக்கனை வைத்துக்கொண்டார்கள். கார்ப்பென்டரும் திரைக்கதை எழுதிய பில் லங்காஸ்டரும் செய்த முதல் நல்ல காரியம், நகலை மீட்டுக் கொண்டுவந்தது. அரக்கன் வெளியே நின்றால் கதவைச் சாத்தலாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தால் என்ன செய்வது?

நாய் நடக்கும் அரைமணி நேரம்

படம் முதல்முறை பார்த்தபோது எனக்கும் அந்தக் கோரக் காட்சிகள்தான் மனத்தில் நின்றன. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் நாயைக் கவனித்தேன்.

வெள்ளை மலைகள். ஒரு ஹெலிகாப்டர். கீழே பனியில் ஒரு நாய் ஓடுகிறது. மேலிருந்து ஒருவன் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே வருகிறான். பின்னணியில் இதயத் துடிப்பு போல ஒரே சுருதியில் தட்டிக்கொண்டிருக்கும் தாழ்ந்த இசை. நாய் அமெரிக்க முகாமுக்கு வந்து சேர்கிறது. ஹெலிகாப்டரில் வந்த நார்வேக்காரன் தன் மொழியில் எதையோ கத்துகிறான். படத்தில் அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. முகாமில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. வெறிபிடித்தவன் என்று நினைத்து அவனைச் சுட்டுவிடுகிறார்கள். அவன் சொன்னது இதுதான்: அது நாய் இல்லை, நாயைப் போல நடிக்கிறது, விலகிப் போங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே படம் தன் முழு ரகசியத்தையும் உரக்கச் சொல்லிவிடுகிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்புறம் அந்த நாயை உள்ளே விடுகிறார்கள். பாவம், குளிரில் ஓடிவந்த நாய். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அது முகாமுக்குள் இஷ்டப்படி சுற்றுகிறது. மேசைக்கு அடியில் கிடக்கிறது. கதவோரம் நின்று பார்க்கிறது. நடித்தது ஜெட் என்ற ஓநாய்க் கலப்பு நாய். அது குரைப்பதில்லை, வாலாட்டுவதில்லை, மூச்சிரைப்பதுகூட இல்லை. ஒரு நீண்ட நடைபாதையில் அது மெதுவாக வருகிறது, கேமரா தாழ இறங்கி அதன் உயரத்திலேயே நகர்கிறது. ஓர் அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறது, இல்லை, வேண்டாம் என்று முடிவு செய்தது போல அடுத்த அறைக்குப் போகிறது. அங்கே சுவரில் ஒரு மனித நிழல். நாய் உள்ளே நுழைய, நிழலின் தலை திரும்புகிறது. காட்சி இருட்டாகிறது.

அது யாருடைய நிழல் என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, முக்கிய நடிகர்கள் யாரையும் நிற்க வைக்காமல் ஒரு சண்டைக் கலைஞரை நிற்க வைத்துப் படம்பிடித்திருக்கிறார்கள். இந்த ஒரு முடிவுக்காகவே கார்ப்பென்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அந்த நொடியிலிருந்து முகாமில் இருக்கும் 12 பேரில் ஒருவர் மனிதர் இல்லை என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பிங்-பாங் ஆடுகிறார்கள், சமையற்காரர் பாட்டை அலறவிட்டதற்குச் சலித்துக்கொள்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். நாயை இரவில் கொட்டிலில் அடைக்கும்வரை எதுவும் நடப்பதில்லை. கிட்டத்தட்ட அரைமணி நேரம் புகை மட்டும்தான்.

கோரமான படம் என்று எழுதியவர்கள் இந்த அரைமணி நேரத்தை ஏன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான்.

குளிர் யார் பக்கம்?

பனிப் படங்களில் குளிருக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான், கதவை வெளியிலிருந்து பூட்டுவது. ஸ்டான்லி கூப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) அதை மிக அழகாகச் செய்கிறது. குளிர்காலத்துக்கு மூடிவிடும் மலை விடுதியைக் காவல் காக்க ஒரு குடும்பம் போகிறது, பனி பாதையை அடைக்கிறது, தொலைபேசிக் கம்பி அறுகிறது. திரையில் வரும் காலக் குறிப்புகளைக் கவனித்தால் தெரியும்: 'ஒரு மாதம் கழித்து' என்று ஆரம்பித்து, கிழமைகளாகச் சுருங்கி, கடைசியில் காலை 8 மணி, மாலை 4 மணி என்று வந்து நிற்கும். சுருக்குக் கயிற்றை மெல்ல இறுக்குவது போன்ற வேலை. அந்தப் படத்தில் குளிர் கடைசியில் நியாயமாக நடந்துகொள்கிறது. கோடரியோடு துரத்திய தகப்பனை உறைய வைத்துப் பிள்ளையைத் தப்பவிடுகிறது.

'தி திங்' படத்தில் குளிர் அப்படி நம் பக்கம் வருவதே இல்லை. அந்த உயிர் விழுந்து கிடந்த இடத்தின் பனி குறைந்தது ஒரு லட்சம் ஆண்டு பழையது என்று முகாமின் ஆய்வாளர் ஒருவர் சொல்கிறார். அத்தனை காலமும் அது சாகவில்லை, தூங்கியது. மனிதனுக்குக் குளிர் என்றால் சாவு. அதற்குக் குளிர் என்றால் தூக்கம். இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் முழுத் திரைக்கதையும் நிற்கிறது. மனிதர்கள் எல்லாரும் செத்தாலும் பரவாயில்லை, அது பனியில் படுத்துக்கொண்டால் போதும். வசந்தத்தில் மீட்புக் குழு வரும், தோண்டி எடுக்கும், கதகதப்பான இடத்துக்குக் கொண்டுபோகும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்தப் படத்தில் ஒவ்வொரு ஆபத்தும் கதகதப்பின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. நார்வேக்காரர்கள் பனிப்பாளத்தை வெட்டியெடுத்து முகாமுக்குள் வைத்தார்கள், அது உருகியது. அமெரிக்கர்கள் குளிரில் வந்த நாயை உள்ளே விட்டார்கள். நார்வே முகாமின் சாம்பலில் கிடந்த, பாதி எரிந்து உருக்குலைந்த உடலை ஆராய்ச்சிக்கென்று தூக்கிவந்து மேசையில் கிடத்தினார்கள். இரக்கமும் ஆர்வமும்தான் காரணம், இரண்டுமே நல்ல குணங்கள். வெளியே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

அப்புறம் மனிதர்களிடம் இருக்கும் ஆயுதமும் சூடுதான். தீப்பந்தம், ஃபிளேம்த்ரோயர் என்ற தீயைப் பீய்ச்சும் கருவி, டைனமைட். அந்த உயிரைக் கொல்ல நெருப்பைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அவர்கள் குடியிருப்பது மரப்பலகைக் கட்டடம், அதற்கு வெளியே உயிர் தங்காது. ஒவ்வொரு முறை நெருப்பைப் பயன்படுத்தும்போதும் தங்கள் கூரையைத் தாங்களே கொஞ்சம் கொளுத்திக்கொள்கிறார்கள்.

ஸ்வீடனின் 'லெட் தி ரைட் ஒன் இன்' (2008) படத்தில் இதே எண்ணம் வேறு விதமாக வருகிறது. பனி மூடிய குடியிருப்பு முற்றத்தில், மெல்லிய சட்டையோடு நிற்கும் பெண்ணிடம் பையன் குளிரவில்லையா என்று கேட்கிறான். குளிருவது எப்படி என்பதே மறந்துவிட்டது என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். பல்லையும் காட்டவில்லை, ரத்தத்தையும் காட்டவில்லை, ஆனாலும் அவள் மனிதப் பிறவி இல்லை என்பது அங்கேயே விளங்கிவிடும். பனிப் படங்களில் நல்லவை எல்லாம் குளிரை உடம்பின் மொழியாகப் பயன்படுத்துகின்றன.

எடுத்த விதம்

உள்புறக் காட்சிகள் லாஸ் ஏஞ்சலஸில் யுனிவர்சலின் அரங்குகளில் எடுக்கப்பட்டவை. 1981 ஆகஸ்டில் படப்பிடிப்பு தொடங்கியது. வெளியே 38 டிகிரிக்கு மேல் வெயில். உள்ளே செட்டைக் குளிரூட்டி உறைநிலைக்குக் கீழே, சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள். நடிகர்கள் பேசும்போது வாயிலிருந்து ஆவி வர வேண்டுமே, அதற்காக.

வெளிப்புறத்துக்குத் தேர்ந்தெடுத்தது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அலாஸ்கா எல்லையை ஒட்டிய ஸ்டூவர்ட் என்ற சிற்றூர்ப் பக்கம். கோடையிலேயே மலைமேல் முகாமைக் கட்டிவிட்டு, பனி விழட்டும் என்று காத்திருந்தார்கள். டிசம்பரில் போனபோது அது இயற்கையாகவே பனிக்குள் முங்கிக் கிடந்தது. போலிப் பனியைத் தூவினால் கூரை விளிம்பில் அந்தக் கனம் வராது. திரையில் அந்த வித்தியாசம் தெரிகிறது.

கேமராக்களைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். குளிரில் லென்ஸ் கெட்டுவிடுமே என்று அவற்றை இரவில் சூடான அறைக்குள் எடுத்துவைத்தால், லென்ஸில் ஆவி படிந்து தெளிய மணிக்கணக்கானது. அதனால் வெளியே, குளிரிலேயே விட்டுவைத்தார்கள். படத்துக்குள் இருக்கும் அதே விதி படம்பிடித்த கருவிக்கும் பொருந்தியிருக்கிறது. உள்ளே கொண்டுவந்தால்தான் கெடுதல்.

இன்னொன்று. கதையின் முன்பகுதியில் ஹெலிகாப்டர் ஓட்டி மக்ரெடியும் (கர்ட் ரஸ்ஸல்) மருத்துவர் காப்பரும் எரிந்துபோன நார்வே முகாமுக்குப் போகிறார்கள். கதவில் பாய்ந்து நிற்கும் கோடரி, மணிக்கட்டை அறுத்துக்கொண்டு நாற்காலியில் உறைந்த மனிதன், வழிந்த ரத்தம் அப்படியே ஊசி ஊசியாக உறைந்து தொங்குகிறது. அந்த நார்வே முகாமுக்கு அவர்கள் தனியாக செட் போடவில்லை. கிளைமாக்ஸுக்காக அமெரிக்க முகாமை வெடித்து எரித்த பிறகு, மிஞ்சிய அந்தக் கரிக்கட்டைகளுக்குள்ளேயே இதைப் படம்பிடித்தார்கள். செலவை மிச்சப்படுத்தச் செய்த காரியமாக இருக்கலாம். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. இரண்டு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு தங்கள் வீட்டின் இடிபாட்டுக்குள்ளேயே, அது இடிவதற்கு முன்பே, நடந்துகொண்டிருக்கிறார்கள்.

உருமாற்றங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது 22 வயது. ஒரு வருடத்துக்கு மேல் வாரத்தின் ஏழு நாளும் வேலை பார்த்து, கடைசியில் உடம்பு தாங்காமல் மருத்துவமனையில் சேர்ந்தார். நாய்க்கொட்டில் காட்சிக்கு மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் கைகொடுத்தார். ரப்பரும் கம்பியும் பசையும் வைத்துச் செய்த அந்த உருவங்களுக்கு எடையும் ஈரமும் இருக்கிறது. 2011-இல் வந்த முன்கதைப் படத்தில் செய்துவைத்த உருவங்களின் மேல் கணினி வரைகலையைப் போட்டு மூடினார்கள், அந்த எடை போய்விட்டது.

முதல் தொகுப்பைப் பார்த்தபோது, ஆட்கள் அறைக்குள் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கார்ப்பென்டருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் ஏற்கெனவே எடுத்த சில காட்சிகளைத் திருத்தி எழுதி, ஸ்டூவர்ட்டில் வெளியில் வைத்து மறுபடி எடுத்தார். பேச்சைக் குறைத்துக் குளிரைக் கூட்டினார் என்று சொல்லலாம். சரியான முடிவு.

சூடான கம்பி

படத்தின் நடுப்பகுதியில் உயிரியலாளர் பிளேர் கணினி முன் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுகிறார். குழுவில் ஒருவராவது தொற்றுக்கு ஆளாகியிருக்க வாய்ப்பு 75 சதவீதம். அது மக்கள் வாழும் பகுதியை எட்டினால், முதல் தொடர்பிலிருந்து 27,000 மணி நேரத்தில் உலகம் முழுவதும் முடிந்தது. மூன்று வருடம்தான். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் ஹெலிகாப்டரையும் ரேடியோவையும் கோடரியால் உடைக்கிறார். பைத்தியம் என்று கொட்டகையில் அடைக்கிறார்கள். பிறகு மக்ரெடி அவரைப் பார்க்கப் போகும்போது, எனக்கு இப்போது சரியாகிவிட்டது, உள்ளே வந்துவிடுகிறேன் என்று அமைதியாகக் கேட்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தூக்குக் கயிறு தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேட்பது மனிதனா, நகலா? எதுவாக இருந்தாலும் கேட்பது கதகதப்பைத்தான்.

அடுத்து ரத்தச் சோதனை. மெதுவாக எரியும் சினிமாவை யாராவது படிக்க விரும்பினால் இந்த ஒரு காட்சியே போதும்.

சந்தேகத்துக்குரிய ஆட்கள் வரிசையாகக் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் விரலையும் கீறிக் கண்ணாடித் தட்டில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். மக்ரெடியின் கையில் செம்புக் கம்பி. அதன் நுனியை ஃபிளேம்த்ரோயரின் தீயில் பழுக்கக் காய்ச்சி ரத்தத்தில் வைக்கிறான். மனித ரத்தம் என்றால் 'ஸ்ஸ்' என்று பொசுங்கும், அவ்வளவுதான். நகலின் ஒவ்வொரு துளியும் தனி உயிர் என்பதால், சூடு பட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் துள்ளும். இதுதான் அவன் ஊகம். நிரூபிக்கப்படாத ஊகம்.

ஒன்று, பொசுங்குகிறது. இன்னொன்று, பொசுங்குகிறது. இசை இல்லை. காற்றும் கம்பியும் மட்டும். சற்று முன்பு தன்னைத் தாக்க வந்ததாக மக்ரெடி சுட்டுக்கொன்ற, நாய்களைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க்கின் ரத்தத்திலும் கம்பி பொசுங்குகிறது. அப்படியானால் கிளார்க் மனிதன், நீ கொலைகாரன் என்று குழுவில் ஒருவனான சைல்ட்ஸ் சொல்கிறான். மக்ரெடி பதில் சொல்லாமல் அடுத்த தட்டை எடுக்கிறான். நம் சந்தேகம் முழுக்க முகாம் தலைவர் கேரியின் மேல் இருக்கும்படி பேச்சைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். கேரியைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, கவனமில்லாமல், வேறொருவரின் தட்டில் கம்பியை வைக்கிறான். ரத்தம் அலறிக்கொண்டு எகிறுகிறது.

எத்தனை முறை பார்த்தாலும் நான் அந்த இடத்தில் துள்ளிவிடுகிறேன். எந்தத் தட்டு என்று தெரிந்தே துள்ளுகிறேன். காரணம் அந்த எகிறல் இல்லை, அதற்கு முந்தைய 'ஸ்ஸ்' சத்தங்கள். ஒவ்வொன்றும் நம் மூச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அடுத்ததற்காக மறுபடி பிடித்துவைக்கிறது.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். தரைக்கு அடியில் நடக்கும் கடைசி மோதலும், அதில் வரும் பெரிய உருவமும் எனக்கு நிறைவு தரவில்லை. இத்தனை நேரம் முகம் இல்லாமல் இருந்த பயத்துக்கு அங்கே ஒரு முகம் கொடுத்துவிடுகிறார்கள், முகம் கிடைத்ததும் பயம் கொஞ்சம் குறைகிறது.

மீட்சி

படத்தை மீட்டது திரையரங்கு இல்லை, வீடு. வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் மக்கள் இதைத் தனியாக, இரவில், திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். முதல் தடவை அதிர்ச்சி முன்னால் நின்று மறைத்தது. அடுத்தடுத்த தடவைகளில் யார் எப்போது அறையை விட்டுப் போனார்கள், யாருடைய மேலங்கி எங்கே தொங்கியது என்று துப்பறிய ஆரம்பித்தார்கள். மெதுவான படத்துக்குத் திரும்பப் பார்ப்பவர்கள் தேவை, 1982-இன் கோடை அந்த வாய்ப்பைத் தரவில்லை. மோரிக்கோனே இந்தப் படத்துக்கு எழுதி, பயன்படாமல் கிடந்த இசைத் துணுக்குகள் சில 2015-இல் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் ஒலித்தன. அதுவும் பனிப்புயலில் ஒரு வீட்டுக்குள் அடைபட்ட, ஒருவரையொருவர் நம்பாத மனிதர்களின் கதை, அதிலும் கர்ட் ரஸ்ஸல் நடித்திருக்கிறார். அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்துக்குக் கிடைத்த பெரிய மரியாதை தென்துருவத்தில் இருக்கிறது. அங்குள்ள அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்திலிருந்து பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பும். அதற்கப்புறம் எட்டு மாதத்துக்கு மேல் வழக்கமான விமானப் போக்குவரத்து கிடையாது. மார்ச்சில் அடையும் சூரியன் செப்டம்பரில்தான் எழும். அங்கே குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கியவர்கள், அந்தக் கடைசி விமானம் போனதும் ஒன்றாக உட்கார்ந்து 'தி திங்' பார்ப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். படத்தில் காட்டும் தனிமை பொய்யாக இருந்தால் அவர்கள் ஏன் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்? படத்தின் தொடக்கத்தில் 'அன்டார்க்டிகா, குளிர்காலம், 1982' என்று ஒரு வரி வரும். அதே 1982 ஜனவரியில்தான் இந்தியாவின் முதல் ஆய்வுக் குழு அன்டார்க்டிகாவில் கால்வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் தட்சிண் கங்கோத்ரி நிலையம் அமைத்து, நம் ஆட்களும் அங்கே ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்த வெள்ளைப் பரப்பு நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை.

கடைசி நெருப்பு

முடிவைப் பற்றி நிறுவனத்துக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். மக்ரெடி மீட்கப்பட்டு, ரத்தச் சோதனையில் மனிதன்தான் என்று உறுதியாகும் ஒரு முடிவையும் பாதுகாப்புக்காக எடுத்து வைத்திருந்தார்கள். கார்ப்பென்டர் அதைப் பயன்படுத்தவில்லை. முன்னோட்டக் காட்சி ஒன்றில், கடைசியில் யார்தான் அந்த நகல் என்று ஓர் இளம் பார்வையாளர் கேட்டதாகவும், நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று தான் சொன்னதும் அந்தப் பார்வையாளர் முகம் சுளித்ததாகவும் கார்ப்பென்டரே சொல்லியிருக்கிறார். அந்த முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டு முடிவை அப்படியே விட்டதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

மின்னாக்கி போய்விட்டது. இனி எப்படியும் விடியும்வரை தாங்க முடியாது, ஆனால் அது மட்டும் உறைந்து தூங்கிவிடக் கூடாது. அதனால் மீதியிருப்பவர்கள் முகாமைத் தாங்களே கொளுத்துகிறார்கள். எல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகு மக்ரெடி இடிபாட்டில் சரிந்து உட்காருகிறான். தாடியில் பனி. நீண்ட நேரம் காணாமல் போயிருந்த சைல்ட்ஸ் எங்கிருந்தோ நடந்து வருகிறான். எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் பிளேரைப் பார்த்ததாகவும், பின்தொடர்ந்து புயலில் வழி தவறியதாகவும் சொல்கிறான். உண்மையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கம்பியும் இல்லை, தட்டும் இல்லை, சோதனை செய்யத் தெம்பும் இல்லை. வாயிலிருந்து ஆவி வருகிறதா, கண்ணில் ஒளி மின்னுகிறதா என்று நாற்பது வருடமாகப் பார்வையாளர்கள் அந்த முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

மக்ரெடி தன்னிடமிருந்த மதுப்புட்டியை நீட்டுகிறான். சைல்ட்ஸ் வாங்கிக் குடிக்கிறான். கொஞ்ச நேரம் இங்கேயே இருப்போம், என்ன நடக்கிறதென்று பார்ப்போம் என்கிறான் மக்ரெடி. சுற்றிலும் எரிவது அவர்களுடைய வீடு. அது எரியும்வரைதான் சூடு. பனியில் அந்த நாய் ஓடிவந்தபோது கேட்ட தாழ்ந்த துடிப்பு மறுபடி ஆரம்பிக்கிறது.